அப்பா அம்மாவோட 30 அடி மோட்டர்ஹோம்ல சையான், பிரைஸ், கிராண்ட் கேன்யன்: சரிப்பட்டு வருமா?

திண்டுக்கல்பூட்டு (2025 பிப்ரவரி 9)

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதான் முதல் போஸ்ட், எடம் மாத்தி போட்டிருந்தா மாடரேட்டர் நகத்தி விட்ருங்க.

நாங்க இருக்கறது டல்லாஸ். மே மாசம் ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க, நான், வீட்டம்மா, ரெண்டு பசங்க (9, 5) சேத்து மொத்தம் ஆறு பேர். வேகாஸ் வரைக்கும் ஃப்ளைட், அங்க 30 அடி கிளாஸ் சி மோட்டர்ஹோம் (டிரக் மேல வீடு கட்டுன மாதிரி இருக்குமே, அந்த டைப்) ஒண்ணு வாடகைக்கு எடுத்து சையான், பிரைஸ், அப்புறம் பேஜ்ங்கற ஊர் வழியா கிராண்ட் கேன்யன் சவுத் ரிம் (தெக்கு விளிம்பு), திரும்ப வேகாஸ். 9 நாள். ஓட்டல்னா தினமும் ரெண்டு ரூம் போடணும், அதுவும் அந்தப் பக்கம் சீசன்ல சொல்ற ரேட்ட கேட்டா மயக்கம் வருது. அதவிட முக்கியமான காரணம் அம்மா. போன தடவ கார்ல கூட்டிட்டுப் போனப்போ வழி பூரா "அடுத்த பாத்ரூம் எங்கப்பா"ன்னு அதே கவலைலயே வந்தாங்க, ஒரு எடத்தையும் சரியா பாக்கல. முட்டி வலி வேற.

அப்பா ரிடையர்டு பஸ் டிரைவர், வத்தலகுண்டு கொடைக்கானல் ரூட்டெல்லாம் வருஷக்கணக்கா ஓட்டுனவரு. "அந்த வண்டிய நானே ஓட்டுறேன்டா"ன்னு இப்பவே ஆரம்பிச்சிட்டாரு. அது வேற பஞ்சாயத்து. நான் இதுவரைக்கும் ஓட்டுனதுல பெருசு வீடு மாத்த எடுத்த யூஹால் 15 அடி வாடகை டிரக்தான்.

போனவங்க சொல்லுங்க, 30 அடி வண்டிய வச்சிட்டு இந்த மூணு நேஷனல் பார்க்கும் சமாளிக்க முடியுமா?

வண்டிச்சோலை (2025 பிப்ரவரி 9)

வாங்க ஜி. முதல்ல ஒரே ஒரு கேள்வி, கேம்ப் சைட் புக் பண்ணிட்டீங்களா? வண்டி இல்ல, சைட்.

திண்டுக்கல்பூட்டு (2025 பிப்ரவரி 9)

இல்லையே. வண்டிதான் முதல்ல போட்டேன், ஆஃபர்ல இருந்துச்சு. சைட்டெல்லாம் கெடைக்கும்ல?

வண்டிச்சோலை (2025 பிப்ரவரி 10)

அதான் எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணேன். சையான்ல வாட்ச்மேன், கிராண்ட் கேன்யன்ல மாதர்னு கேம்ப்கிரவுண்ட் இருக்கு, இதெல்லாம் 6 மாசத்துக்கு முன்னாடியே ஓப்பன் ஆகும், நீங்க கேக்குற மே மாசத்து தேதியெல்லாம் போன நவம்பர்லயே போயிருக்கும். இனி யாராச்சும் கேன்சல் பண்ணாத்தான். தினமும் காலைல எந்திரிச்சதும் புக்கிங் வெப்சைட் ரெக்ரியேஷன் டாட் கவ் தொறந்து பாருங்க, வார நாள்ல ஒண்ணு ரெண்டு விழும்.

அடுத்தது நீளம். மாதர்ல 30 அடிதான் லிமிட், அதுவும் பம்பர்ல இருந்து பம்பர் வரைக்கும். வாடகை கம்பெனிக்காரன் 30ன்னு சொல்றது சில சமயம் 31, 32ஆ இருக்கும், பின்னாடி ஏணி, ஸ்பேர் வீல் எல்லாம் சேத்து கரெக்டா எவ்ளோன்னு கேட்டு வாங்குங்க. ஹூக்கப்பும் அங்க கெடையாது, கரண்ட் தண்ணி சாக்கடை எதுவும் சைட்டுக்கு வராது. முழு ஹூக்கப் வேணும்னா பக்கத்துலயே டிரெயிலர் வில்லேஜ் இருக்கு, 50 அடி வரைக்கும் நேரா உள்ள விட்டு நேரா வெளிய எடுக்கலாம், ரிவர்ஸே வேணாம். உங்களுக்கு அதான் சரி. அத நடத்துறது தனி ஆளுங்க, புக்கிங்கும் தனி வெப்சைட்ல, மாதர் கெடைக்கலன்னு அதையும் விட்ராதீங்க.

அப்புறம் சையான்ல இருந்து பிரைஸ் போற வழில டன்னல் இருக்கு தெரியும்ல?

மாவுப்பானை (2025 பிப்ரவரி 10)

தம்பி, அம்மாவுக்காக எடுக்குறீங்கன்னு சொன்னதுக்கே ஒரு சலாம். நாங்க 25 அடி வண்டில மாமனார் மாமியாரோட ஏழு பேர் போனோம். பாத்ரூம் கவலை சுத்தமா போச்சு, அது நிஜம். ஆனா அந்த பாத்ரூமோட கவலை உங்களுக்கு வந்துரும் பாருங்க, அத அப்புறமா சொல்றேன் 😄

குளிர்காலப்பறவை (2025 பிப்ரவரி 11)

நான் 36 அடி கிளாஸ் ஏ (பஸ் மாதிரி இருக்குற பெரிய மோட்டர்ஹோம்) சொந்தமா வச்சிருக்கேன், ரிடையர் ஆகி வருஷத்துல பாதி நாள் அதுலதான் இருக்கோம், டெக்சாஸ்தான் வீடு. 30 அடிக்கே இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். பெரிய வண்டில உள்ள சொகுசு சின்னதுல வராது, பின்னாடி தனி பெட்ரூம், பெரியவங்க கால நீட்டிப் படுக்கலாம், மழையோ காத்தோ அசையாது. பார்க்குக்கு வெளிய நல்ல ஆர்வி பார்க்ல (மோட்டர்ஹோம் மாதிரி வண்டிங்க தங்குற எடம்) போட்டுட்டு, பின்னாடி இழுத்துட்டு வந்த சின்ன காரை அவுத்து அதுல உள்ள போவோம். ஒரு பிரச்சனையும் இல்ல. டெக்சாஸ் பிக் பெண்ட் நேஷனல் பார்க்ல மட்டும் ரியோ கிராண்ட் வில்லேஜ்ல முழு ஹூக்கப்போட உள்ளயே கெடச்சது.

வண்டிச்சோலை (2025 பிப்ரவரி 11)

ஐயா தப்பா நெனைக்காதீங்க, நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. பார்க்கை நீங்க கார்ல பாத்தீங்க, மோட்டர்ஹோம் வெளிய நின்னுச்சு. வாடகை வண்டில கார இழுக்க பெரும்பாலும் விடமாட்டாங்க. அப்போ இவரு ஒரு பால் பாக்கெட் வாங்கணும்னாலும் 30 அடி வீட்டையே ஓட்டிட்டுப் போகணும்.

பிக் பெண்ட்னே எடுத்துக்குங்க, சிசோஸ் பேசின் ரோட்டுக்கு 24 அடிக்கு மேல ஆர்வி வேண்டாம்னு பார்க்கே சொல்லுது. அங்கயும் கார்லதான போயிருப்பீங்க?

குளிர்காலப்பறவை (2025 பிப்ரவரி 11)

ஆமா கார்லதான். அதுக்குத்தான கார் 🙂

மொன்டானாமாப்ள (2025 பிப்ரவரி 12)

என் கதையக் கேளுங்க. 2022ல கிளேசியர் நேஷனல் பார்க் போனோம், 25 அடி வண்டி, சின்னதுதானேன்னு தெனாவெட்டா. கோயிங் டு த சன் ரோடுதான் அந்த பார்க்கோட உசுரே, 1933ல தொறந்த ரோடு, ஒரு பக்கம் பாறை தலைக்கு மேல நீட்டிட்டு இருக்கும், இன்னொரு பக்கம் அதல பாதாளம். நடுவுல உள்ள மலைப்பகுதிக்கு 21 அடிக்கு மேல நீளமோ, கண்ணாடி சேத்து 8 அடிக்கு மேல அகலமோ இருந்தா விடவே மாட்டாங்க. வேண்டாம்னு சொல்றதில்ல, தடை. அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்ட் பக்கத்துல யூ டர்ன் போட்டுட்டு வந்து நின்னா பொண்டாட்டி ஒரு பார்வ பாத்தா பாருங்க, இன்னும் மறக்கல. அப்புறம் அந்த பழைய சிவப்பு பஸ் இருக்குல்ல, 1930கள்ல செஞ்சது, மேல துணி கூரைய சுருட்டி விட்ருவாங்க, அதுல டிக்கெட் போட்டு மேல லோகன் பாஸ் கணவாய் வரைக்கும் போனோம். உண்மைய சொன்னா அதான் டிரிப்லயே பெஸ்ட் நாள், ஓட்டுற டென்ஷன் இல்லாம நானும் வேடிக்கை பாத்தேன்.

ஒவ்வொரு பார்க்குக்கும் ஒரு நம்பர் இருக்கு பாஸ். செக்கோயால தெக்குப் பக்கம் அந்த வளைவு ரோட்டுக்கு 22 அடி. டீட்டன்ல மூஸ் வில்சன் ரோட்டுல ஆர்வியே கூடாது. யோசெமிட்டில ஹெட்ச் ஹெட்ச்சி ரோடு 25 அடி. உங்க ரூட்ல பிரைஸ்ல 23, பார்க்கோட ஷட்டில் பஸ் ஓடுற நேரத்துல அதுக்கு மேல நீளமான வண்டிய ஆம்பிதியேட்டர் வ்யூபாயிண்ட்ல நிறுத்த விடமாட்டாங்க. ஷட்டில் ஃப்ரீ, அதுலயே போயிருங்க, அம்மாவுக்கும் ஏறி எறங்க ஈசி.

திண்டுக்கல்பூட்டு (2025 பிப்ரவரி 12)

தல சுத்துது. டன்னல் விஷயம் சொல்லுங்க யாராச்சும். கூகுள்ல போட்டா ஏதோ எஸ்கார்ட்னு வருது, போலீஸா?

வண்டிச்சோலை (2025 பிப்ரவரி 13)

போலீஸ் இல்ல ஜி, ரேஞ்சர், பார்க்க கவனிச்சுக்கிற ஊழியர்.

சையான் மவுண்ட் கார்மல் டன்னல், 1.1 மைல் நீளம், 1930ல முடிச்சது. அன்னைக்கு இருந்த கார் சைஸுக்கு மலையக் குடைஞ்சது. மேல வளைவா இருக்கும், அதனால உயரமான வண்டி அதோட லேன்ல போனா ஓரத்துல கூரை இடிக்கும், நடு ரோட்டுல போனாத்தான் தப்பிக்கும். நடுவுல நீங்க போனா எதிர்ல வர்றவன் எங்க போவான்? அதான் ரேஞ்சர் அந்தப் பக்கம் டிராஃபிக்க நிறுத்திட்டு ஒன் வேயா உங்கள விடுவாங்க.

கணக்கு இதான்: 11 அடி 4 இஞ்ச் உயரமோ 7 அடி 10 இஞ்ச் அகலமோ, ரெண்டுல ஒண்ணு தொட்டாலே இந்த ஏற்பாடு தேவை. வாடகை கிளாஸ் சி எல்லாமே 8 அடிக்கு மேல அகலம், அதனால 25 அடி எடுத்தாலும் தப்பிக்க முடியாது. கேட்ல என்ட்ரிக்கு மேல 15 டாலர், 7 நாளைக்குள்ள ரெண்டு தடவ போலாம். ராத்திரில கெடையாது, டைம் பாத்துட்டுப் போங்க.

என்ட்ரிக்கு தனித்தனியா கட்டாதீங்க, ஒவ்வொரு பார்க்கும் வண்டிக்கு 35, மூணுக்கு 105 ஆகும். வருஷ பாஸ் 80தான்.

மாவுப்பானை (2025 பிப்ரவரி 13)

சரி நான் டாங்க் கதைக்கு வர்றேன், சாப்பிட்டுட்டு இருக்கறவங்க அப்புறமா படிங்க.

மூணு டாங்க் இருக்கும். நல்ல தண்ணி, குளிக்கிற பாத்திரம் கழுவுற தண்ணி போற கிரே, டாய்லெட் போற பிளாக். டம்ப் ஸ்டேஷன்ல (டாங்க காலி பண்ற எடம்) முதல்ல பிளாக்க தொறக்கணும், அது காலியானப்புறம்தான் கிரே, அந்த சோப்பு தண்ணி குழாய கழுவி விட்ரும். மாத்தி செஞ்சா குழாய கைல எடுக்குறப்போ தெரியும் கதை. கிளவுஸ் ஒரு பாக்கெட்டே வாங்கி வைங்க.

முழு ஹூக்கப்ல நின்னா பிளாக் வால்வ தொறந்தே வச்சிராதீங்க. தண்ணி மட்டும் ஓடிரும், மத்தது உள்ள மேடு கட்டி காஞ்சு போய் நிக்கும். மூடி வச்சு, முக்காவாசி ரொம்புனதும் ஒரேடியா தொறந்து விடணும். இந்த விஷயத்துல வெள்ளைக்காரங்கள விட நாமதான் பெட்டர் தெரியுமா, பேப்பர் கம்மி தண்ணி ஜாஸ்தி, அந்த டாங்குக்கு அதான் நல்லது. எங்க மாமியார் குட்டி மக் ஒண்ணு ஊர்ல இருந்தே கொண்டு வந்துட்டாங்க. ஆனா ஹூக்கப் இல்லாத எடத்துல நல்ல தண்ணி 40 காலன்தான் இருக்கும், ஆறு பேர் குளிச்சா ஒரே நாள்ல காலி. பெரியவங்களுக்கு மட்டும் வண்டில குளியல், மத்தவங்க கேம்ப் பாத்ரூம்னு முதல் நாளே சட்டம் போட்ருங்க, அப்புறம் போட்டா சண்டை வரும்.

திண்டுக்கல்பூட்டு (2025 பிப்ரவரி 13)

அக்கா கும்பிடுறேன். சமையல் பத்தியும் சொல்லிருங்க. அம்மா இப்பவே இட்லி பானை எடுத்துட்டு வரவான்னு கேக்குறாங்க.

மாவுப்பானை (2025 பிப்ரவரி 14)

எடுத்துட்டு வரட்டும், மகராசி. ஆனா கிரைண்டர் வேண்டாம்.

கரண்ட் 30 ஆம்ப் கனெக்‌ஷன்னா மொத்தம் 3600 வாட்தான். ஏசி ஒரு 1500 தின்னும், மைக்ரோவேவ் ஒரு 1500, அது மேல இண்டக்‌ஷன் அடுப்பு 1800 போட்டீங்கன்னா டப்புனு டிரிப் ஆகி எல்லாம் இருட்டு. கேஸ் அடுப்புலயே பண்ணுங்க. தாளிக்கிறப்போ மேல ஃபேன் போட்டு ஜன்னல தொறந்து வைங்க, இல்லன்னா கடுகு வெடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்மோக் அலாரம் வெடிக்கும். எங்க வீட்டு அய்யா ராத்திரி பத்து மணிக்கு ரசம் தாளிச்சு பக்கத்து சைட்டுக்காரன் டார்ச் எடுத்துட்டு ஓடி வந்துட்டான், தீ பிடிச்சிருச்சுன்னு.

பிரைஸ் 8000 அடிக்கு மேல. அங்க தண்ணி 92 டிகிரிலயே கொதிச்சிரும், ஓபன் பாத்திரத்துல துவரம்பருப்பு வேகவே வேகாது. குக்கர்தான், அதுலயும் ரெண்டு விசில் கூட விடணும். மாவு அங்க புளிக்காது, மே மாசத்துலயும் ராத்திரி நடுங்கும். முதல்ல வேகாஸ்லயே புளிக்க வச்சு ஃப்ரிட்ஜ்ல போட்ருங்க. அந்த ஃப்ரிட்ஜ் கேஸ்ல ஓடுற டைப்பா இருந்தா வண்டி சமமா நிக்கணும், சாஞ்சு நின்னா கூலிங் வராது.

ஜெனரேட்டர் நம்பிராதீங்க. யோசெமிட்டில காலைல மதியம் சாயங்காலம் ரெண்டு ரெண்டு மணி நேரம்தான் போடலாம், சையான் வாட்ச்மேன்ல சுத்தமா போடக்கூடாது. அங்க கரண்ட் உள்ள சைட் தனியா இருக்கு, அது கெடச்சா லாட்டரி.

குளிர்காலப்பறவை (2025 பிப்ரவரி 14)

50 ஆம்ப் வண்டின்னா இந்தப் பாடெல்லாம் இல்ல. சொன்னா கேக்கமாட்டீங்க.

வண்டிச்சோலை (2025 பிப்ரவரி 14)

ஐயா, அந்த 50 ஆம்ப் வண்டிய வச்சிட்டு 1930கள்ல வெட்டுன கேம்ப்கிரவுண்ட்ல எங்க நொழையுறது. அப்போ வேலையில்லாத இளவட்டப் பசங்கள வச்சு நிறைய பார்க்ல ரோடும் கேம்ப்பும் போட்டாங்க, டென்ட்டுக்கும் சின்ன காருக்கும் அளவெடுத்த எடம். ரெண்டு பைன் மரத்துக்கு நடுவுல வளைவு. இத அகலப்படுத்துனா மரம் போயிரும், அதான் அவங்க பண்றதில்ல, பண்ணவும் கூடாதுங்கறது என் கட்சி.

மாடரேட்டர் (2025 பிப்ரவரி 14)

சைஸ் சண்டைக்கு தனி இழை ஏற்கனவே மூணு இருக்கு. இங்க கேட்டவருக்கு பதில் சொல்லுங்க.

திண்டுக்கல்பூட்டு (2025 பிப்ரவரி 23)

அப்டேட். வண்டிய 25 அடிக்கு மாத்திட்டேன், ஒரு நாளைக்கு 20 டாலர் குறைஞ்சது. ஆறு பேருக்கு படுக்கை வருது, டிரைவர் தலைக்கு மேல உள்ள பங்க் பசங்களுக்கு, பின்னாடி பெட் அப்பா அம்மாவுக்கு, நாங்க ரெண்டு பேரும் டைனிங் டேபிள மடக்கி. டிரெயிலர் வில்லேஜ்ல 2 ராத்திரி கெடச்சிருச்சு. வாட்ச்மேன்ல 11 நாள் காலைல காலைல பாத்து ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் விழுந்துச்சு, கரண்ட் சைட்!! மீதி ராத்திரியெல்லாம் வெளிய தனியார் கேம்ப்.

பெட்ரோல் கணக்கு சரியான்னு பாருங்க. வேகாஸ் சையான் 160, சையான் பிரைஸ் 85, பிரைஸ்ல இருந்து சவுத் ரிம் 280, அங்க இருந்து வேகாஸ் 280. அங்க இங்க சுத்துறது சேத்து 950 மைல். காலனுக்கு 8 மைல்னு வச்சா 120 காலன் கிட்ட.

மொன்டானாமாப்ள (2025 பிப்ரவரி 23)

கணக்கு ஓகே. மைலேஜ் லிமிட் பாருங்க, ஒரு நாளைக்கு 100 மைல்னு இருந்தா 9 நாளைக்கு 900தான், மேல போனா மைலுக்கு மைல் காசு. ஜெனரேட்டருக்கும் மணிக்கணக்குல மீட்டர் ஓடும். எடுக்குறப்போ வண்டிய சுத்தி, கூரை உட்பட, வீடியோ எடுத்து வச்சிக்குங்க.

அப்புறம் பங்க்ல பசங்கள ஓடுற வண்டில படுக்க விடாதீங்க, பெல்ட் உள்ள சீட்லதான்.

திண்டுக்கல்பூட்டு (2025 ஜூன் 3)

போயிட்டு வந்துட்டோம். லேட்டானதுக்கு சாரி, அப்பா அம்மாவ ஃப்ளைட் ஏத்தி விட்டுட்டு நேத்துதான் மூச்சு விட்டேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

ஓட்டுறது நெனச்ச மாதிரி கஷ்டமில்ல, நெனைக்காத எடத்துல கஷ்டம். ஹைவேல ஜம்முனு போகுது, ஆனா பக்கத்துல லாரி போனா ஒரு தள்ளு தள்ளும், வீட்டம்மா "அய்யோ"ம்பா, உள்ள தட்டு டம்ளர் எல்லாம் கடகடன்னு ஆடும். முதல் நாள் ஃப்ரிட்ஜ் கதவ லாக் பண்ணாம கெளம்பிட்டோம், முதல் வளைவுலயே தயிர் டப்பா தரைல. செயின்ட் ஜார்ஜ் வரைக்கும் வண்டி பூரா மோர் வாசம்.

அடி வாங்குனது ரெண்டாவது நாள். பெட்ரோல் பங்க்ல போட்டுட்டு லெஃப்ட்ல ஒடிச்சு வெளிய எடுத்தேன், முன்னாடி சுத்தமா எடம் இருந்துச்சு. பின்னாடி வீல்ல இருந்து வால் நீளமா இருக்குல்ல, முன்னாடி லெஃப்ட்ல திரும்பினா அது ரைட்ல வீசுது. பம்ப் ஓரமா இருந்த மஞ்ச இரும்புத் தூண்ல "டொக்". டெயில் லைட் கண்ணாடியும் ஓரத்து பிளாஸ்டிக்கும் போச்சு. கண்ணாடில பாத்துட்டே உக்காந்திருந்த அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னாரு: "வால் அடிச்சிருச்சு." அவர் கூட வேல பாத்தவங்க டிப்போல கத்துக்குற முதல் பாடமாம் அது. நேத்தே சொல்லியிருக்கலாமேப்பான்னா, "நீ கேக்கலயே"ங்கறாரு. வண்டி விட்டப்போ டெபாசிட்ல 640 டாலர் பிடிச்சிட்டாங்க.

அடுத்த கூத்து வாட்ச்மேன்ல. சைட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்கணும், ஸ்டியரிங்ல வீட்டம்மா, அவ நியூஜெர்சில பொறந்து வளந்தவ. அப்பா பின்னாடி போய் நின்னு வண்டி பக்கவாட்டுல ரெண்டு தட்டு தட்டி "வரலாம் வரலாம்... ரைட் ரைட் ரைட்"டுன்னு சத்தமா விட்டாரு. நம்ம பஸ்ல ரைட்னா போலாம்னு அர்த்தம். இவ ரைட்ல ஒடிச்சிட்டா! "ஹோல்டான்! ஹோல்டான்!"னு அப்பா கத்த, அதுவும் என்னன்னு இவளுக்குப் புரியல, நல்லவேளை கத்துன கத்துல பயந்து பிரேக் போட்டா. பிக்னிக் டேபிளுக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு சாண். எதிர் சைட்ல இருந்த வெள்ளைக்கார பாட்டி ஒருத்தங்க கை தட்டுனாங்க. அதுக்கப்புறம் பசங்க நாள் பூரா "ஹோல்டான்" சொல்லிட்டு திரிஞ்சதுங்க.

டன்னல் சூப்பரா இருந்துச்சு. ஒரு இருபது நிமிஷம் வரிசைல நிக்க வச்சாங்க, எதிர்ப்பக்கம் வர்ற கடைசி கார் போனதும் ரேஞ்சர் கை காமிச்சாரு, நடு மஞ்சக் கோட்டு மேலயே போங்கன்னு. உள்ள கும்மிருட்டு, நடு நடுவுல பாறைல ஜன்னல் மாதிரி வெட்டி விட்ருக்காங்க, பளிச்சுனு ஒரு சிவப்பு மலை தெரிஞ்சு மறையும். நிறுத்தக் கூடாது. அம்மா ஒவ்வொரு ஜன்னலுக்கும் "அதோ அதோ"ன்னாங்க.

பேஜ்ல இருந்து தெக்க எறங்குற ரோடு பத்தி இங்க யாரும் சொல்லல. மலைய வெட்டி ரோடு போட்ருக்காங்க, 2013ல சரிஞ்சு விழுந்து ரெண்டு வருஷம் மூடியிருந்த எடம். வெட்டுக்குள்ள இருந்து வெளிய வந்ததும் ஒரேயடியா எறக்கம், கீழ பாலைவனம் பாய் விரிச்ச மாதிரி. நான் பாட்டுக்கு பிரேக்க மிதிச்சிட்டே போறேன். அப்பா மெதுவா, "ஏறுன கியர்லயே எறங்கணும்ப்பா, கால எடு"ன்னாரு. ஷிஃப்டர்ல டோ ஹால் பட்டன் (பாரம் இழுக்குறப்போ, எறக்கத்துல போடுறது) இருந்துச்சு, அத அழுத்தி கியர கீழ எறக்கினேன், எஞ்சின் ஒரு கத்து கத்திட்டு வண்டிய அதுவே பிடிச்சுக்கிச்சு. கீழ போற வரைக்கும் பிரேக் நாலஞ்சு தடவதான் தொட்டிருப்பேன். அப்பா ஒண்ணும் சொல்லல, ஜன்னல தொறந்து மூக்க வச்சு மோந்து பாத்தாரு, பிரேக் லைனர் வாசம் வருதான்னு. வரல. டிரிப்லயே அவரு முகத்துல நான் பாத்த பெரிய சந்தோஷம் அதான்னு நெனைக்கிறேன், கிராண்ட் கேன்யன் கூட அப்புறம்தான்.

கிராண்ட் கேன்யன் டெசர்ட் வ்யூல 1932ல கட்டுன கல் கோபுரம் இருக்குல்ல, அங்க நின்னு ஆத்தப் பாத்துட்டு அம்மா கேட்டது, "இவ்வளவு பள்ளத்தையும் அந்த சின்ன வாய்க்காலா தோண்டுச்சு?"

மாவு விஷயம் அக்கா சொன்ன மாதிரியே. பிரைஸ்ல கல்லு மாதிரி கெடந்தது, பேஜ்ல மதியம் வெளிய வச்சுட்டு மறந்துட்டோம், திரும்பி வந்து பாத்தா டப்பா மூடிய தள்ளிட்டு சிங்க்ல வழிஞ்சு கெடக்கு. இட்லி பூ மாதிரி இருந்துச்சு ஆனா.

அம்மா பாத்ரூம் பத்தி 9 நாள்ல ஒரு தடவ கூட கேக்கல. டம்ப் பண்ணது பூரா நான்தான், அத யாரும் கேக்கல.

மாவுப்பானை (2025 ஜூன் 3)

ரைட் ரைட் படிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி 😂😂 அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க.

குளிர்காலப்பறவை (2025 ஜூன் 4)

பேஜ் எறக்கத்துல 36 அடியோட, பின்னாடி காரோட எறங்கியிருக்கேன். உங்க அப்பா சொன்னதுதான் வேதம். மத்தபடி 25 அடில ஆறு பேர்ங்கறது எனக்கு இன்னும் ஜீரணம் ஆகல.

திண்டுக்கல்பூட்டு (2025 ஜூன் 4)

நாலாவது நாள் மழைல எல்லாரும் உள்ள அடஞ்சு கெடந்தப்போ எனக்கும் ஜீரணம் ஆகல ஐயா. அந்த ஒரு நாள் உங்கள நெனச்சேன்.

செங்கல்சூளை (2026 ஜனவரி 18)

பழைய இழையைத் தோண்டி எடுக்குறதுக்கு மன்னிக்கணும். இந்த வருஷம் போறவங்க இத படிச்சுட்டு அப்படியே கெளம்பிராதீங்க, ரெண்டு விஷயம் மாறிருச்சு.

ஒண்ணு டன்னல். 2026 ஜூன் 7ல இருந்து எஸ்கார்டே கெடையாது. 11 அடி 4 இஞ்ச் உயரம், 7 அடி 10 இஞ்ச் அகலம், 35 அடி 9 இஞ்ச் நீளம், 50,000 பவுண்டு எடை, எதுல மிஞ்சுனாலும் அந்த ரோட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. ஆகவே வாடகை கிளாஸ் சி எல்லாம் அவுட். சையான் வாசல்ல உள்ள ஸ்பிரிங்டேல் ஊர்ல இருந்து திரும்பி ஹரிக்கேன், அரிசோனா ஓரமா சுத்தி கனாப் போய்த்தான் பிரைஸ். இல்ல வேன் சைஸ் கிளாஸ் பி எடுங்க.

ரெண்டு காசு. இந்த ஜனவரி 1ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ரேட். வருஷ பாஸ் அவங்களுக்கு 250 டாலர், நம்மள மாதிரி இங்க குடியிருக்கவங்களுக்கு பழைய 80தான், போட்டோ ஐடி காட்டணும். பாஸ் இல்லாம வந்தா கூட்டமா இருக்குற 11 பார்க்ல 16 வயசும் அதுக்கு மேலயும் உள்ள வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். சையான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூணுமே அந்த லிஸ்ட்ல. ஊர்ல இருந்து பெத்தவங்கள கூட்டிட்டு வர்றவங்க பாத்துக்குங்க. கிராண்ட் கேன்யன் நார்த் ரிம் (வடக்கு விளிம்பு) பிளான் பண்றவங்க, போன ஜூலை தீல அந்த பழைய லாட்ஜே எரிஞ்சு போச்சு, அத நம்பிப் போகாதீங்க.

புதுவண்டி (2026 ஜனவரி 20)

நல்ல இழை, முழுசா படிச்சேன். நாங்க ஜூலை கடைசி வாரம் யோசெமிட்டி, எட்டு பேர், மாமனார் மாமியாரும் வர்றாங்க. 28 அடி வண்டி சூப்பர் டீல் கெடச்சுது, நேத்துதான் புக் பண்ணேன். எந்த ரோடு நல்லாருக்கும்?

திண்டுக்கல்பூட்டு (2026 ஜனவரி 20)

சைட் புக் பண்ணிட்டீங்களா?

புதுவண்டி (2026 ஜனவரி 20)

இல்ல ஜி, அது அங்க போய் பாத்துக்கலாம்னு...

திண்டுக்கல்பூட்டு (2026 ஜனவரி 20)

பிப்ரவரி 15 காலைல 7 மணிக்கு அலாரம் வைங்க. பசிபிக் டைம். ரெண்டு லேப்டாப்ல லாகின் பண்ணி ரெடியா உக்காருங்க, அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட்ல 35 அடி வரைக்கும் விடுவாங்க, ஆனா சைட்டுக்கு சைட் நீளம் வேற, ஒவ்வொண்ணா பாத்து நாலஞ்ச குறிச்சு வச்சிக்குங்க. கெடச்சதும் வந்து சொல்லுங்க, ரோடு அப்புறம் பேசலாம்.